ஜூன் 25: விளையாட்டு நாள்காட்டியில் கூட்டம் நெரியும் ஒரு தேதி (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நான் உடற்கல்வி ஆசிரியர். பள்ளியில் என் அறைக்கு வெளியே ஒரு கரும்பலகை உண்டு. "விளையாட்டில் இன்று" என்ற தலைப்பில் தினமும் காலையில் அதில் நாலைந்து வரி எழுதுவேன். கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறந்ததும் பலகைக்குப் புதிதாகக் கருப்பு பூசுவார்கள். அந்தப் பூச்சு காயும் முன்பே ஜூன் 25 வந்துவிடும். மற்ற நாள்களில் எழுத விஷயம் தேட வேண்டும். இந்த ஒரு நாளில் எதை விடுவது என்றுதான் திண்டாட்டம். மாணவர்களும் சக ஆசிரியர்களும் இந்தத் தேதியைப் பற்றி வருடாவருடம் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஜூன் 25 என்றால் 1983 உலகக் கோப்பைதானே? வேறு என்ன இருக்கிறது?

நம் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள், சொல்ல வேண்டியதும்தான். ஆனால் அதே தேதியில்தான் இந்தியா தன் முதல் டெஸ்ட் போட்டியில் இறங்கியது (1932). ஜோ லூயிஸ் தன் உலகக் குத்துச்சண்டைப் பட்டத்தைக் கடைசியாகக் காத்துக்கொண்டார் (1948). இங்கிலாந்து கால்பந்து அணி முதல் முறையாக உலகக் கோப்பையில் ஆடியது (1950). அர்ஜென்டினா முதல் உலகக் கோப்பையை வென்றது (1978). ஊரறிய ஒப்புக்கு ஆடிய ஓர் ஆட்டம் கால்பந்தின் விதியையே மாற்றியது (1982). நெதர்லாந்து ஐரோப்பியக் கோப்பையை வென்றது (1988). மரடோனா அர்ஜென்டினாவுக்காகக் கடைசியாக ஆடினார் (1994). ஒரே ஆட்டத்தில் நடுவர் நான்கு பேரை வெளியே அனுப்பினார் (2006). இவ்வளவும் ஒரே தேதியில்.

1932இல் நடந்தது என்ன?

லண்டன் லார்ட்ஸ் மைதானம், சனிக்கிழமை. அந்தச் சுற்றுப்பயணத்துக்குத் தலைவராக வந்தவர் போர்பந்தர் மகாராஜா. துணைத்தலைவர் லிம்ப்டி இளவரசர். மகாராஜா தன் ஆட்டத்தின் தரம் தனக்கே தெரிந்தவர் என்பதால் டெஸ்ட் போட்டிக்கு ஒதுங்கிக்கொண்டார். லிம்ப்டிக்குக் காயம். ஆகவே சி.கே. நாயுடு தலைமையேற்றார். அரச குடும்பத்தார் இருவர் விலகி நிற்க, ஆட்டம் தெரிந்தவர் முன்னால் போனார் என்பதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்.

முதலில் மட்டை பிடித்தது இங்கிலாந்து. முகமது நிசார் ஓடிவந்து ஹெர்பர்ட் சட்கிளிஃபின் ஸ்டம்பைச் சாய்த்தார். கொஞ்ச நேரத்தில் பெர்சி ஹோம்ஸின் ஸ்டம்பும் போயிற்று. அடுத்து ஃபிராங்க் வூலியை லால் சிங் ரன் அவுட் ஆக்கினார். இங்கிலாந்து 3 விக்கெட்டுக்கு 19. முதல் டெஸ்ட் ஆடுகிற அணி, முதல் நாள் காலையிலேயே இதைச் செய்தது. அந்த லால் சிங் பிறந்த ஊர் கோலாலம்பூர். எங்கள் பள்ளியில் மலேசியாவில் உறவினர் உள்ள பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். இந்த வரியைப் படித்ததும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

பிறகு இங்கிலாந்துத் தலைவர் டக்ளஸ் ஜார்டின் 79 ரன் எடுத்து அணியைத் தூக்கி நிறுத்தினார். (ஜார்டின் பிறந்தது பம்பாயில். அந்த ஆண்டுக் கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குப் போய் உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசச் சொல்லி உலகத்தையே பகைத்துக்கொண்ட அதே ஜார்டின்தான்.) நிசார் 93 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து 259, இந்தியா 189. இரண்டாவது இன்னிங்ஸிலும் ஜார்டின் 85 ரன்னுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். 346 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா 187இல் சுருண்டு, 158 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அந்த 187இல் அமர் சிங் அடித்த 51தான் டெஸ்டில் ஓர் இந்தியரின் முதல் அரைச்சதம். அவர் அணிக்குள் வந்தது வேகப்பந்து வீச்சாளராக.

தோற்றது ஜூன் 28 அன்று அல்லவா? பிறகு ஏன் 25இல் சேர்க்கிறீர்கள்?

சரியான கேள்வி. அது மூன்று நாள் ஆட்டம். 26 ஞாயிறு, ஓய்வு. ஆகவே 25, 27, 28 ஆகிய நாள்களில் நடந்தது. "முதல் டெஸ்ட்" என்று எழுதினால் தொடங்கிய நாளில் எழுதுகிறேன். "தோல்வி" என்று எழுதினால் முடிந்த நாளில். பிறந்த நாளையும் இறந்த நாளையும் ஒரே தேதியில் போடுவதில்லையே, அந்தக் கணக்கு.

முதல் டெஸ்ட் வெற்றி எப்போது என்று கூடவே கேட்பார்கள். அதற்கு இருபது வருஷம் ஆயிற்று. 1952 பிப்ரவரி 10, நம் சேப்பாக்கத்தில், இதே இங்கிலாந்துக்கு எதிராக. வினு மன்கட் அந்த ஆட்டத்தில் 12 விக்கெட் எடுத்தார். லார்ட்ஸில் டெஸ்ட் வெற்றி என்றால் 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1983 இறுதி ஆட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

இதைச் சொல்லக் கூலி வேண்டுமா என்ன.

அதே லார்ட்ஸ். அதுவும் சனிக்கிழமை. ஐம்பத்தொரு வருஷம் கழித்து, தேதியும் கிழமையும் இடமும் ஒன்று. எதிரே மேற்கிந்தியத் தீவுகள், 1975இலும் 1979இலும் கோப்பை வென்றவர்கள். அப்போது ஓர் அணிக்கு 60 ஓவர். இந்தியா 54.4 ஓவரில் 183 ரன்னுக்கு எல்லா விக்கெட்டையும் இழந்தது. கவாஸ்கர் 2 ரன்னில் போய்விட்டார். எதிர்முனையில் நின்றவர் நம் ஸ்ரீகாந்த்.

ஆண்டி ராபர்ட்ஸ் வீசிய ஒரு பந்து. ஸ்ரீகாந்த் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மட்டையைச் சுழற்றி, ஸ்கொயர் டிரைவாக அனுப்புகிறார். பந்து எல்லைக்கோட்டைத் தொட்டது. காட்சி கிடைத்தால் அவர் முழங்காலைப் பாருங்கள், பந்தைப் பார்க்க வேண்டாம். உலகமே அஞ்சிய வேகப்பந்து வீச்சாளருக்கு எதிரே ஓர் ஆள் மண்டியிட்டு அடிக்கிறார். அடித்துவிட்டுத் தன் வழக்கப்படி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அங்கும் இங்கும் நடக்கிறார். 57 பந்தில் 38 ரன், ஏழு பவுண்டரி, ஒரு சிக்ஸர். முப்பத்தெட்டு பெரிய எண்ணா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அன்று இரண்டு அணியிலும் அதைவிட அதிகம் எடுத்தவர் எவரும் இல்லை. விவியன் ரிச்சர்ட்ஸே 33தான்.

கடைசி விக்கெட்டுக்குக் கிர்மானியும் பல்விந்தர் சந்துவும் 22 ரன் சேர்த்தார்கள். மால்கம் மார்ஷலின் பந்து சந்துவின் தலைக்கவசத்தில் மோதியது. அந்தச் சந்துதான் பிறகு பந்து வீச வந்தார். கார்டன் கிரீனிட்ஜ் வெளியே போகும் பந்து என்று கணித்து மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டார். பந்து உள்ளே திரும்பி ஸ்டம்பில் இடித்தது. மட்டையைத் தூக்கியபடியே ஆட்டமிழந்து நின்ற அந்தக் கோலம் இருக்கிறதே, அதை வரையத் தெரிந்த மாணவன் கிடைத்தால் பலகையில் வரையச் சொல்லிவிடுவேன்.

ரிச்சர்ட்ஸ் வந்து 28 பந்தில் 33 அடித்துவிட்டார். இப்படியே போனால் தேநீருக்குள் ஆட்டம் முடியும் என்ற நிலை. அடி வாங்கியிருந்த மதன் லால், இன்னொரு ஓவர் கொடுங்கள் என்று கபிலிடம் கேட்டு வாங்கினார். ரிச்சர்ட்ஸ் தூக்கி அடித்த பந்து மிட்விக்கெட் பக்கம் உயர்ந்தது. கபில் தேவ் தோளுக்கு மேல் பார்த்தபடி பின்னோக்கி ஓடி, விரல்களுக்குள் வாங்கினார். பார்ப்பதற்கு எளிய கேட்ச் போலத் தெரியும். அப்படித் தெரிய வைத்ததுதான் வித்தை. எங்கள் மைதானத்தில் இதே கேட்சை மாணவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுப்பேன்; பத்தில் எட்டுப் பேர் கால் பின்னி விழுவார்கள்.

டூஜானும் மார்ஷலும் ஏழாவது விக்கெட்டுக்கு 43 சேர்த்து மீண்டும் வயிற்றில் புளியைக் கரைத்தார்கள். இருவரையும் மொஹிந்தர் அமர்நாத் வெளியேற்றினார். ஓடிவருகிறாரா நடந்துவருகிறாரா என்று சந்தேகம் வரும் அளவு மெதுவான ஓட்டம் அவருடையது. கடைசியாக ஹோல்டிங் எல்பிடபிள்யூ. மேற்கிந்தியத் தீவுகள் 140. இந்தியா 43 ரன்னில் வென்றது. 26 ரன்னும் 12 ரன்னுக்கு 3 விக்கெட்டும் எடுத்த அமர்நாத் ஆட்ட நாயகன், அரையிறுதியிலும் அவரேதான்.

கபில் 175 அடித்ததும் இதே நாளா?

இல்லை. அது ஒரு வாரம் முந்தி, ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸில், ஜிம்பாப்வேக்கு எதிராக. பலகையைப் பார்த்துவிட்டு இதைத் திருத்த வருகிறவர்கள் வருஷத்துக்கு இரண்டு பேராவது உண்டு. ஆசிரியர் அறையில் ஒரு முறை பந்தயமே கட்டிவிட்டார்கள்.

அந்த வெற்றிக்குப் பிறகு என்ன மாறியது?

வென்றவர்களுக்குப் பரிசு கொடுக்கக் கிரிக்கெட் வாரியத்திடம் பணம் இல்லை. லதா மங்கேஷ்கர் கச்சேரி நடத்தித்தான் ஆளுக்கு ஒரு லட்சம் திரட்டினார்கள். இன்று ஐபிஎல் ஏலம் பார்க்கும் பிள்ளைகள் இதை நம்புவதே இல்லை. இன்னொன்று, அதுவரை இங்கிலாந்தை விட்டு நகராத உலகக் கோப்பை 1987இல் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் வந்தது. இந்தியாவின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில். ஆஸ்திரேலியாவிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றோம். அது அக்டோபர் 9. அந்தத் தேதிக்கு உரிய வயிற்றெரிச்சலை அன்று எழுதிக்கொள்கிறேன்.

கால்பந்தில் இந்தத் தேதிக்கு உரிய அணி எது?

நெதர்லாந்து. சந்தேகமே வேண்டாம். மூன்று தடவை இந்தத் தேதி அவர்களை உலுக்கியிருக்கிறது.

முதல் தடவை 1978. பியூனஸ் அயர்ஸில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அர்ஜென்டினாவில் அப்போது இராணுவ ஆட்சி. மைதானம் முழுக்கக் காகிதத் துண்டுகள் பனி போலக் கொட்டிக் கிடந்தன. மாரியோ கெம்பெஸ் முதல் கோல் போட்டார். முடிய எட்டு நிமிடம் இருக்கையில் டிக் நானிங்கா தலையால் முட்டிச் சமன் செய்தார். ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ராப் ரென்சன்பிரிங்க் உதைத்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒரு சாண் உள்ளே போயிருந்தால் நெதர்லாந்து உலக சாம்பியன். கூடுதல் நேரத்தில் கெம்பெஸும் பெர்டோனியும் ஆளுக்கு ஒன்று போட்டு 3-1 என்று முடித்தார்கள்.

இரண்டாவது தடவை, சரியாகப் பத்து வருஷம் கழித்து, 1988. மியூனிக் ஒலிம்பிக் மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரே சோவியத் ஒன்றியம். பயிற்சியாளர் ரைனஸ் மிக்கெல்ஸ். இதே மைதானத்தில் 1974 உலகக் கோப்பை இறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் தோற்ற நெதர்லாந்துக்கும் அவர்தான் பயிற்சியாளர். முதல் பாதியில் ரூட் குல்லிட் ஒரு கோல். 54ஆவது நிமிடத்தில் அர்னால்ட் மூரன் இடப்பக்கத்திலிருந்து உயரமாக ஒரு பந்தைத் தூக்கிப் போட்டார். அது எல்லோர் தலைக்கும் மேலே போய், வலப்பக்கக் கோடியில், ஏறக்குறைய கோல் கோட்டை ஒட்டி நின்ற மார்கோ வான் பாஸ்டனிடம் இறங்கியது. அந்த இடத்திலிருந்து கோல் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. நிறுத்தித் திரும்பி யாருக்காவது தருவதுதான் ஒழுங்கான ஆட்டக்காரன் செய்கிற வேலை. வான் பாஸ்டன் பந்தைத் தரையில் விழவே விடவில்லை. அந்தரத்திலேயே உதைத்தார். கோல்கீப்பர் தசாயெவ் அன்று உலகின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். அவர் தலைக்கு மேலே சென்று எதிர்ப்பக்க வலையில் விழுந்தது. பயிற்சியாளர் மிக்கெல்ஸ் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். 2-0. நெதர்லாந்து ஆண்கள் அணி வென்ற ஒரே பெரிய கோப்பை அதுதான்.

மூன்றாவது தடவை 2006, ஜெர்மனியின் நூரம்பெர்க். உலகக் கோப்பையின் இரண்டாவது சுற்று, போர்ச்சுகலுடன். நெதர்லாந்தின் பயிற்சியாளர் யார் தெரியுமா? அதே வான் பாஸ்டன். மனிஷின் ஒரே கோலில் போர்ச்சுகல் வென்றது, ஆனால் கோலை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. நடுவர் 16 மஞ்சள் அட்டையும் 4 சிவப்பு அட்டையும் காட்டினார். ஆளுக்கு இரண்டு பேர் வெளியேற, ஒன்பதுக்கு ஒன்பது என்று ஆட்டம் முடிந்தது. எனக்குப் பிடித்த காட்சி அட்டைகள் பறந்த பிறகுதான் வருகிறது. போர்ச்சுகலின் டெகோவும் நெதர்லாந்தின் வான் பிராங்க்ஹார்ஸ்டும் பார்சிலோனாவில் ஒன்றாக ஆடும் நண்பர்கள். இருவரும் வெளியேற்றப்பட்ட பிறகு, மைதானத்தின் ஓரப் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே இன்னும் அடித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட இரண்டு பையன்கள் வராந்தாவில் நிற்பது போலவே இருக்கும்.

மரடோனாவுக்கும் இந்த நாளுக்கும் என்ன தொடர்பு?

1978 அணியில் அவர் இல்லை. பதினேழு வயது, நாடே சேர்க்கச் சொல்லியும் பயிற்சியாளர் மெனோட்டி, சிறுவன் என்று விட்டுவிட்டார். ஆகவே அர்ஜென்டினாவின் முதல் கோப்பையை மரடோனா வெளியே இருந்துதான் பார்த்தார். 1994 ஜூன் 25, அமெரிக்காவில் பாஸ்டனுக்கு அருகே ஃபாக்ஸ்பரோ மைதானம், நைஜீரியாவுடன் ஆட்டம். கனீஜியா இரண்டு கோல் போட, அர்ஜென்டினா 2-1 என்று வென்றது. முடிந்ததும் வெள்ளை உடை அணிந்த ஒரு பெண் பணியாளர் மைதானத்துக்குள் வந்து மரடோனாவின் கையைப் பிடித்துச் சிரித்தபடி ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். அவரும் சிரித்துக்கொண்டேதான் போனார். சில நாளில் எஃபெட்ரின் என்ற ஊக்கமருந்து கலந்திருப்பதாக முடிவு வந்தது, போட்டியிலிருந்து நீக்கினார்கள். அர்ஜென்டினா சட்டையில் அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுவாகிப் போனது. பதினாறு வருஷ இடைவெளியில் ஒரே தேதி அவரை உள்ளே விடவும் இல்லை, உள்ளே இருக்க விடவும் இல்லை.

இன்னும் ஒரு சுற்று இருக்கிறது. இருபது வருஷம் கழித்து 2014 ஜூன் 25, பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில் அதே அர்ஜென்டினாவும் அதே நைஜீரியாவும் மோதின. முந்தின நாள்தான் 27 வயது நிறைந்த மெஸ்ஸி இரண்டு கோல் போட்டார். நைஜீரியாவின் அகமது மூசாவும் இரண்டு போட்டார். முடிவு 3-2, அர்ஜென்டினாவுக்கு.

இந்த நாளில் பிறந்த விளையாட்டு வீரர்கள் யார்?

பிறந்தநாள் கணக்கில் இந்தத் தேதி கொஞ்சம் மெலிந்ததுதான். ஆனால் கூடைப்பந்துக்காரர்களுக்குக் குறையில்லை. நியூயார்க் நிக்ஸ் அணியின் வில்லிஸ் ரீட் (1942), காங்கோவின் டிகெம்பே முடொம்போ (1966), இருவரும் வளையத்தடியில் நிற்கும் மைய ஆட்டக்காரர்கள். ரீட் 1970 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், தொடைத் தசை கிழிந்த காலோடு நொண்டிக்கொண்டே களத்துக்கு வந்தார். முதல் இரண்டு கூடையை அவர் போட்டார், அவ்வளவுதான். அன்று அவர் எடுத்த மொத்தப் புள்ளியே நான்கு. ஆனால் அவர் நடந்து வந்ததைப் பார்த்தே அரங்கம் எழுந்துவிட்டது, நிக்ஸ் வென்றது.

முடொம்போ ஏழடி இரண்டு அங்குலம். மருத்துவம் படிக்க உதவித்தொகையில் அமெரிக்கா போனவரை, உயரத்தைப் பார்த்துக் கூடைப்பந்துக்கு இழுத்துவிட்டார்கள். எதிராளியின் பந்தைத் தட்டிவிட்டு, "வேண்டாம், வேண்டாம்" என்பது போல ஆள்காட்டி விரலை ஆட்டுவார். எங்கள் பள்ளிப் பையன்கள் அவர் பெயர் தெரியாமலே அதைச் செய்கிறார்கள். 3,289 தடுப்புகள், கணக்கில் அவருக்கு முன்னால் ஹகீம் ஒலாஜுவான் மட்டும்தான். டாக்டர் ஆக முடியாதவர் கின்ஷாசாவில் தன் தாயின் பெயரில் ஒரு மருத்துவமனை கட்டினார். 2024 செப்டம்பர் 30 அன்று மூளைப் புற்றுநோயால் இறந்தார்.

இவர்கள் தவிர, 473 ஹோம் ரன் அடித்த போர்ட்டோ ரிக்கோ பேஸ்பால் வீரர் கார்லோஸ் டெல்காடோ (1972), இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜேமி ரெட்நாப் (1973). மெஸ்ஸியின் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சுகிற கூட்டம் ஒன்று உண்டு. அவர் பிறந்தது 24. அர்ஜென்டினாவின் ரிகெல்மேயும் 24தான், அதுவும் 1978இல், அதாவது அந்த இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள்.

ஜோ லூயிஸ் சண்டையைப் பற்றி?

1948, நியூயார்க்கின் யாங்கி மைதானம். எதிராளி ஜெர்சி ஜோ வால்காட். முந்தின டிசம்பரில் இருவரும் மோதியபோது நடுவர்கள் பிரிந்த தீர்ப்பில் லூயிஸுக்குக் கொடுத்தார்கள். பார்த்தவர்களில் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. மறுசண்டை மழையால் தள்ளிப்போய் 25ஆம் தேதி நடந்தது. பதினோராவது சுற்றில் லூயிஸ் வால்காட்டை வீழ்த்தினார். 1937இல் வாங்கிய பட்டத்தை அவர் காத்துக்கொண்ட 25ஆவது தடவை அது. மறு ஆண்டு ஓய்வு அறிவித்தார்.

இத்தனை நிகழ்வு ஒரே தேதியில் வருவது தற்செயலா? ராசியா?

ராசியும் இல்லை, முழுத் தற்செயலும் இல்லை. பருவம்தான் காரணம். ஐரோப்பாவின் கால்பந்துக் கழகங்கள் மே மாதத்தோடு ஆட்டத்தை முடித்துக்கொள்ளும். ஆகவே நாடுகளுக்கு இடையிலான போட்டிகளை ஜூன், ஜூலையில்தான் வைக்க முடியும். ஆண்கள் உலகக் கோப்பையில் 1974 முதல் 2018 வரை நடந்த பன்னிரண்டிலும் ஜூன் 25 போட்டிக் காலத்துக்குள் விழுகிறது. கத்தார் வெயிலுக்காக 2022 போட்டியை நவம்பருக்குத் தள்ளியபோதுதான் அந்தத் தொடர் அறுந்தது. இங்கிலாந்திலும் மழைக்கு அதிகம் பயப்படாமல் கிரிக்கெட் ஆடக்கூடிய மாதம் என்றால் ஜூன். லார்ட்ஸில் பெரிய ஆட்டம் ஜூன் கடைசியில் வருவது பழைய வழக்கம். தேதி நெரிசலாக இருப்பது அந்த நாளின் மகிமையால் அல்ல. திருமண முகூர்த்தம் நிறைந்த மாதத்தில் மண்டபம் கிடைக்காதது போலத்தான். பிப்ரவரி 25க்கு இப்படி ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள், தெரியும்.

ஆனால் ஒரே மைதானம், ஒரே கிழமை, அதே பயிற்சியாளர் என்று வந்து மாட்டுவதற்குப் பருவம் விளக்கம் சொல்லாது. அதுதான் தற்செயல். அதற்காகத்தான் சாக்பீஸ் தேய்கிறது.

வீட்டில் தாத்தா 1978 இறுதி ஆட்டம் ஜூன் 26 என்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும். பியூனஸ் அயர்ஸில் மாலை மூன்று மணிக்குத் தொடங்கியபோது இங்கே இரவு பதினொன்றரை. கூடுதல் நேரமும் சேர்ந்து முடியும்போது நம் நாள்காட்டியில் தாள் கிழிந்துவிட்டது. 1994 மரடோனா ஆட்டமும் 2006 நூரம்பெர்க் ஆட்டமும் நமக்கு முழுக்க 26ஆம் தேதிதான். ஆட்டம் நடந்த ஊரின் தேதியை எழுதுவது பொது வழக்கம்; நானும் அப்படியே.

ஜூன் 25 என்றால் நெருக்கடி நிலை அல்லவா? அதை ஏன் எழுதுவதில்லை?

1975இல் அன்று இரவுதான் அறிவித்தார்கள். வரலாற்று ஆசிரியரின் பலகை மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

1982இல் விதியை மாற்றிய ஆட்டம் என்றீர்களே, அது என்ன?

ஸ்பெயினின் ஹிஹோன் நகரம். மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும். அதே பிரிவில் இருந்த அல்ஜீரியா, முதல் ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தி உலகத்தை வாய்பிளக்க வைத்திருந்தது. தன் கடைசி ஆட்டத்தை 24ஆம் தேதியே ஆடிச் சிலியையும் வென்றுவிட்டது. மறுநாள் மேற்கு ஜெர்மனி ஒரு கோலிலோ இரண்டு கோலிலோ வென்றால், ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டும் அடுத்த சுற்றுக்குப் போகும், அல்ஜீரியா வெளியே. கணக்கு எல்லோருக்கும் தெரியும். பத்தாவது நிமிடத்தில் ஹ்ரூபெஷ் ஒரு கோல் போட்டார். மிச்சம் எண்பது நிமிடமும் இரண்டு அணியும் பந்தைத் தங்களுக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தன. அல்ஜீரிய ரசிகர்கள் பண நோட்டுகளை எடுத்து ஆட்டிக் காட்டினார்கள். 1-0. விதிப்படி எந்தத் தவறும் இல்லை. அதனால்தான் விதியையே மாற்றினார்கள்: 1986 முதல் ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்கும்.

அன்று ஆடாதவர்களை அன்றைய பட்டியலில் சேர்க்கலாமா?

இது அடிக்கடி கேட்கப்பட்டதல்ல, ஒரே ஒரு முறை கேட்கப்பட்டது. ஒரு வருஷம் பலகை எழுதும் வேலையை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் விட்டிருந்தேன். எல்லாவற்றையும் எழுதியாயிற்று, கீழே ஒரு வரிக்குத்தான் இடம். 1982க்கு "மேற்கு ஜெர்மனி 1, ஆஸ்திரியா 0" என்று எழுதச் சொன்னேன். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "சார், அல்ஜீரியா என்று எழுதட்டுமா?" என்றாள். அவர்கள் அன்று ஆடவே இல்லையே என்றேன். "அதனால்தான் சார்" என்றாள். எழுதிவிட்டுப் போனாள். அந்த வரியை வருஷாவருஷம் அப்படியே எழுதுகிறேன்: 1982, அல்ஜீரியா, ஆடவில்லை.